பட்டன் அமுக்கத் தெரிந்தால் போதாது, ஒத்திகைக்கு ஓர் அறை தாருங்கள்

மதிப்பிற்குரிய குமரி மாவட்டப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும், இசை ஆசிரியர்களுக்கும், கலைத் திருவிழா பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். லேப்டாப், போன், ஒரு சின்ன ஸ்பீக்கர், இவற்றை வைத்துக்கொண்டு குழுவாக இசைக்கப் பழகும் பிள்ளைகள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாரத்தில் ஒரு மாலை, பள்ளி விட்ட பிறகு, ஓர் அறை வேண்டும். மேடை ஏறுவதற்கு முன் கால் மணி நேரம் ஒலி சரிபார்க்க வேண்டும். கேட்பது இவ்வளவுதான். புதிதாகக் கருவி எதுவும் வாங்கித் தரச் சொல்லவில்லை, இருப்பதை வைத்தே அவர்களால் முடியும்.

நான் தக்கலைப் பக்கம் மைக் செட் தொழில் செய்கிறவன். கோயில் கொடை, சர்ச் திருவிழா, கல்யாண வீடு, பள்ளி ஆண்டு விழா என்று வருஷம் முழுக்க மேடைக்குப் பக்கவாட்டில் மிக்சரோடு நிற்கிற ஆள், கீபோர்டும் வாசிப்பேன். வேலை இல்லாத சாயங்காலங்களில் எங்கள் ஊர் வாசகசாலையில் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற சில பிள்ளைகளோடு உட்காருகிறேன். அவர்கள் பழகுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவன் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன்.

இவர்களைப் பார்க்கிற பெரியவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “பட்டனை அமுக்குனா பாட்டு வரப்போவுது, இதுக்கு எதுக்கு மக்ளே பிராக்டிஸ்?” பாசமாகத்தான் கேட்கிறார்கள், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஒரு பள்ளியில் அறை கேட்டுப் போனபோது இதே கேள்விதான் பதிலாகவும் வந்தது, அறை கிடைக்கவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மின்னணு இசை என்றால் நம் ஊரில் பெரும்பாலும் பார்த்தது மைனஸ் டிராக்தான். குரலை எடுத்துவிட்டு இசையை மட்டும் வைத்திருக்கிற டிராக் பென் டிரைவில் ஓடும், அதன் மேல் ஒருவர் பாடுவார். டிராக்குக்குக் காது கிடையாது. பாடுகிறவர் ஒரு வரியை விட்டுவிட்டால் அது காத்திருக்காது, அவர் உருகிப் பாடினால் அது மெதுவாகாது. நான் சொல்கிற பிள்ளைகளிடம் டிராக்கே கிடையாது. ஆறு பேர் என்றால் ஆறு பேரும் அந்த நேரத்தில்தான் ஒலியை உண்டாக்குகிறார்கள். ஒருத்தி போனைச் சாய்த்தால் ஒரு நீண்ட ஒலி மெல்ல மேலே ஏறும், இன்னொருவன் லேப்டாப்பில் நாலு வரி கட்டளை எழுதி ஒரு தாளச் சுற்றை ஓடவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை மாற்றுவான், மற்றவன் ஒரு ஒலித்துண்டை நறுக்கி முன்னும் பின்னுமாக இழுப்பான். யாராவது ஒருவர் நிறுத்தினால் அந்த இடம் காலியாகிவிடும். காலியானதை மற்ற ஐந்து பேரும் கேட்டு, அதை நிரப்புவதா அப்படியே விடுவதா என்று அந்த நொடியிலேயே முடிவெடுக்க வேண்டும். ஒத்திகை இல்லாமல் இது வரவே வராது.

இது நேற்று முளைத்த விளையாட்டும் இல்லை. 1970களின் கடைசியிலேயே கலிபோர்னியாவில் சிலர் அந்தக் காலத்துச் சின்னச் சின்னக் கணினிகளை வயரால் இணைத்து ஒன்றாக இசைத்திருக்கிறார்கள். 2005-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டான் ட்ரூமனும் பெரி குக்கும் சேர்ந்து லேப்டாப் ஆர்கெஸ்ட்ரா ஒன்றைத் தொடங்கினார்கள், மாணவர்கள் அதைப் பாடமாகவே படித்தார்கள். 2008-ல் கே வாங் ஸ்டான்ஃபோர்டில் இன்னொன்று தொடங்கினார். இரண்டு இடத்திலும் அவர்கள் கண்டுபிடித்த முக்கியமான விஷயம் கணினியைப் பற்றியது அல்ல, ஸ்பீக்கரைப் பற்றியது. எல்லோருடைய ஒலியையும் ஒரே மிக்சரில் கலந்து மேடையின் இரண்டு பக்கமும் இருக்கிற பெரிய பெட்டிகளில் விட்டால் எது யாருடைய ஒலி என்று வாசிக்கிறவருக்கே தெரியாமல் போகும். அதனால் ஒவ்வொருவருக்கும் அவரவர் பக்கத்திலேயே அரைக்கோள வடிவில் ஒரு ஸ்பீக்கர் வைத்தார்கள், வயலின்காரரின் ஒலி வயலின் இருக்கிற இடத்திலிருந்து வருவதுபோல லேப்டாப்காரரின் ஒலியும் அவர் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்தே வந்தது. ஸ்டான்ஃபோர்டில் அந்த ஸ்பீக்கர்களை ஐக்கியா கடையில் விற்கிற மரத்தாலான சாலட் கிண்ணத்தைக் கவிழ்த்து, காரில் மாட்டுகிற ஸ்பீக்கர்களை அதில் பொருத்திச் செய்தார்கள். காயலான் கடையில் பழைய கார் ஸ்பீக்கர் நாகர்கோவிலிலும் கிடைக்கும், மார்த்தாண்டத்திலும் கிடைக்கும். எங்கள் பிள்ளைகள் பிளைவுட் பெட்டியில் அதை மாட்டி, 12 வோல்ட்டில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபயர் போர்டு ஒன்றைச் சேர்த்து அவர்களே செய்துகொண்டார்கள்.

சரி, ஒத்திகையில் அப்படி என்னதான் நடக்கிறது?

செண்டை பழகுகிற பிள்ளைகளை முதலில் கருங்கல்லில் புளியங்கம்பால் தட்டவைப்பார்கள், கை பதிந்த பிறகுதான் செண்டையே தோளில் ஏறும். ஊர் மைதானத்தில் சிங்காரி மேளக்குழு ராத்திரி வெகுநேரம் அடித்துப் பழகும்போது இதற்கு எதற்குப் பழக்கம் என்று யாரும் கேட்பதில்லை. லேப்டாப் குழுவுக்கும் அதே ஒழுங்கு வேண்டும். முதல் அரை மணி நேரம் எந்தக் கருவியையும் தொடக்கூடாது. வட்டமாக உட்கார்ந்து எட்டு எண்ணிக்கையில் கை தட்டுவார்கள், பிறகு ஐந்தில், பிறகு பாதிப் பேர் எட்டிலும் பாதிப் பேர் ஐந்திலும். நாற்பது தட்டு முடியும்போதுதான் இரண்டும் ஒன்றாக வந்து விழும். அந்த இடத்தைக் காதால் பிடிக்கத் தெரியாத பிள்ளைக்கு எந்த மென்பொருளைக் கொடுத்தும் பிரயோஜனம் இல்லை.

அடுத்தது, ஆளுக்கு ஒரு ஒலி. லேப்டாப்பில் ஆயிரம் ஒலி இருக்கும், புதிதாக வருகிற பிள்ளை ஆயிரத்தையும் ஒரே நாளில் காட்டிவிடத் துடிக்கும். ஒரே ஒரு ஒலியை எடுத்துக்கொள், அதில் இரண்டே விஷயத்தை மாற்றலாம், ஒன்று சத்தத்தின் அளவு, இன்னொன்று நீ விரும்பினது என்று சொல்லிவிட்டால் முதலில் முகம் தொங்கிப் போகும். ஆனால் அப்படிக் கட்டிப்போட்ட பிறகுதான் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பவர்களின் ஒலி கேட்கத் தொடங்குகிறது, இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். ரொம்பக் கஷ்டமான பயிற்சி எது என்று கேட்டால் சும்மா இருப்பதுதான். மூச்சு வாங்க வேண்டியதில்லை, கை வலிக்காது, இயந்திரம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் நிறுத்துவதற்கு உடம்பு எந்தக் காரணமும் தராது. நாதஸ்வரக்காரருக்கு மூச்சு சொல்லித் தருவதை இவர்களுக்குக் குழுதான் சொல்லித் தர வேண்டும்.

யார் எப்போது நுழைவது, யார் அடங்குவது என்பதற்குக் கைச்சைகைகள் வைத்திருக்கிறார்கள். நியூயார்க் பக்கம் வால்டர் தாம்சன் என்பவர் 1974-ல் சைகைகளாலேயே மேடையில் இசையை உருவாக்கும் ஒரு முறையைத் தொடங்கினார், சவுண்ட்பெயின்டிங் என்று அதற்குப் பெயர். எங்கள் பிள்ளைகள் அதில் சிலவற்றை எடுத்துக்கொண்டு, மீதியைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். சைகை காட்டுகிறவர் ஒவ்வொரு ஒத்திகையிலும் மாறுவார். வாய் திறந்து பேசவே கூச்சப்படுகிற ஒரு பிள்ளை கையை உயர்த்தியதும் ஐந்து பேரும் ஒரே நொடியில் அடங்கியதைப் பார்த்தேன். வகுப்பில் அந்தப் பிள்ளையை எந்த ஆசிரியரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இப்போது என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம், தாமதம், அதாவது தட்டினதற்கும் ஒலி காதில் விழுவதற்கும் நடுவே போகிற நேரம். இதை ஆசிரியர்கள் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பிள்ளைக்குத் தாளம் நிற்கவில்லை என்று நாம் நினைக்கிற பல நேரங்களில் தப்பு பிள்ளையிடம் இருக்காது. காற்றில் ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, அதாவது ஒரு மீட்டர் தாண்ட ஏறத்தாழ 3 மில்லி விநாடி. பத்து மீட்டர் தள்ளி நிற்கிற இரண்டு பேருக்கு நடுவே 30 மில்லி விநாடி போய்விடும், அதனால் குழு நெருங்கி உட்கார வேண்டும். கணினிக்குள் ஒலி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துதான் வெளியே வரும், அந்தச் சேமிப்பை பஃபர் என்பார்கள். கணினி ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக, அதாவது சாம்பிளாக, எடுக்கும்; விநாடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில் பஃபரை 256 சாம்பிள் என்று வைத்தால் தாமதம் 6 மில்லி விநாடிக்குள், 1,024 என்று வைத்தால் 23-ஐத் தாண்டும். ரொம்பக் குறைத்தால் பழைய லேப்டாப் திணறி ஒலி பொடிப்பொடியாக உடையும். ஒவ்வொரு லேப்டாப்புக்கும் எது தாங்கும் என்று உட்கார்ந்து பார்த்துத்தான் வைக்க வேண்டும். புளூடூத் ஸ்பீக்கர் என்றால் கதையே வேறு, தாமதம் 150, 200 மில்லி விநாடி வரைக்கும் சர்வசாதாரணமாகப் போகும். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடுகிற வேகத்தில் ஒரு தட்டே 500 மில்லி விநாடிதான், அதில் 200 போனால் பிள்ளை சரியாகத் தட்டியும் ஒலி தப்பாக வந்து விழும். அதனால் எங்கள் குழுவில் புளூடூத் கூடவே கூடாது, வயர்தான். சார்ஜர் மாட்டினதும் ஸ்பீக்கரில் ஒரு இரைச்சல் வரும், சார்ஜரைக் கழற்றினால் போய்விடும். எர்த் சரியில்லாத பிளக் பாயின்ட்டில் இது எப்போதும் இருக்கிற தொல்லை. இதையெல்லாம் ஒரே நாளில் சொல்லித் தந்துவிட முடியாது, அந்தந்த அறையில், அந்தந்தக் கருவியோடு, வாராவாரம் உட்கார்ந்து கற்றுக்கொள்வது.

எல்லாப் போனையும் லேப்டாப்பையும் ஒரே வேகத்தில் ஓடவைக்க ஏபிள்டன் லிங்க் என்று ஒரு வசதி 2016-ல் வந்தது, ஒரே வைஃபையில் இருந்தால் போதும், இன்டர்நெட்கூட வேண்டாம், பழைய ரவுட்டர் ஒன்று போதும். நல்ல வசதிதான். ஆனால் தொடக்கத்தில் அதைப் போடக்கூடாது என்பது என் கட்சி. வேகத்தை இயந்திரம் பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். கையில் தாளம் உறுதியாகப் பதிந்த பிறகு போட்டுக்கொள்ளட்டும்.

மென்பொருளுக்குப் பணம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். மில்லர் பக்கெட் எழுதிய பியூர் டேட்டா, சாம் ஆரன் பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதிய சோனிக் பை, பிரின்ஸ்டனில் பிறந்த சக் என்று இசைக்கான மென்பொருள்கள் எல்லாம் இலவசம். 2011-ல் தொடங்கின விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ வந்த லேப்டாப் பல வீட்டில் பீரோ மேலே தூசி படிந்து கிடக்கிறது. அதில் பழைய கணினிக்கும் பாரமாக இல்லாத லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை ஏற்றினால் பியூர் டேட்டா நன்றாகவே ஓடும். பள்ளியில் இருக்கிற ஹைடெக் லேப் கணினிகளைத் தொட வேண்டிய அவசியமே இல்லை, அந்தப் பயம் யாருக்கும் வேண்டாம்.

ஒலிக்கு எங்கே போவது? நம் மாவட்டத்தைவிட வேறு எங்கே போக வேண்டும்? ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊரிலிருந்து ஒரு ஒலி கொண்டுவர வேண்டும் என்பது ஒரு பயிற்சி. குலசேகரம் பக்கத்துப் பிள்ளை ரப்பர் ஷீட் அடிக்கிற மிஷினின் ஒலியைக் கொண்டுவந்தான், உருளை சுற்றும்போது வருகிற அந்தக் கிறீச்சும் நடுவில் விழுகிற தட்டும் அப்படியே ஒரு தாளம். முட்டத்துப் பாறையில் அலை மோதுவது, ஆரல்வாய்மொழி காற்றாலைக்குக் கீழே நின்றால் கேட்கிற அந்தச் சுழலும் வீச்சு, தோவாளைப் பூச்சந்தையில் விடியும் முன் கேட்கிற ஏலக் குரல்கள், எல்லாம் போனில் பதிவானதுதான். ஆரல்வாய்மொழியில் மைக்கில் காற்று அடித்து எல்லாம் பாழானபோது ஒரு துவர்த்துத் துண்டை மடித்து போனில் சுற்றிப் பதிவு செய்தார்கள். இந்த ஒலிகளை நறுக்கி, இழுத்து, சுருதி மாற்றி ஒரு பத்து நிமிட இசையாகக் கட்டுகிறபோது பிள்ளைகள் தங்கள் ஊரைக் கேட்கிற விதமே மாறிப்போகிறது. யாருடைய பாட்டையும் எடுத்து ஓட்டவில்லை, காப்புரிமைச் சிக்கலும் இல்லை.

இனி மேடை. போன வருஷம் ஒரு பள்ளி விழாவில் இந்தக் குழுவுக்கு இடம் கொடுத்தார்கள், அதற்கு நன்றி உண்டு. ஆனால் முந்தின நடனம் முடிந்த கையோடு பெயரை அறிவித்துவிட்டார்கள். ஆறு லேப்டாப், ஆறு ஸ்பீக்கர், மேடைக்குப் பின்னால் ஒரே ஒரு பிளக் பாயின்ட். ஒலி சரிபார்க்க நேரம் கேட்டதற்கு, பாட்டுதானே, மைக்கைப் பக்கத்தில் வைத்துவிடுங்கள் என்று சொன்னார்கள். இரண்டு ஸ்பீக்கரில் கடைசி வரை ஒலி வரவில்லை. பிள்ளைகள் நிறுத்தாமல் நாலு பேரின் ஒலியை வைத்தே முடித்தார்கள், அதுவரை பழகிய பழக்கம் அங்கேதான் கைகொடுத்தது. ஆனால் பார்த்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கீழே இறங்கியதும் வாசிக்க முடியாமல் போன இரண்டு பேரில் ஒருத்தி அழுதாள்.

பார்க்கிறவருக்குப் புரிய வைப்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றுதான், அதை மறுக்கவில்லை. லேப்டாப் திரைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மெயில் பார்க்கிற மாதிரிதான் தெரியும். அதனால் லேப்டாப்பைத் தாழ்வாக வைப்பது, முடிந்த இடத்தில் கையசைவாலோ போனைச் சாய்த்தோ ஒலியை மாற்றுவது, புரொஜெக்டர் இருந்தால் எழுதுகிற கட்டளைகளைச் சுவரில் காட்டிவிடுவது என்று பழகுகிறார்கள். மேடையில் கட்டளை எழுதி இசைப்பவர்கள் 2004-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கூடி டாப்லாப் என்று ஓர் அமைப்பு தொடங்கினார்கள், திரையை மறைக்காமல் காட்ட வேண்டும் என்பது அவர்களுடைய கொள்கைகளில் ஒன்று. அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள்: ஏறும் முன் போன் அழைப்பை முடக்குவது, தானாக அப்டேட் ஆவதை நிறுத்துவது, கோப்பை இரண்டு இடத்தில் சேமித்து வைப்பது, ஒருவரின் கருவி நின்றுபோனால் மற்றவர்கள் என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசிவைப்பது. இதற்கென்றே ஒத்திகையில் சொல்லாமல் கொள்ளாமல் ஒருவரின் வயரைப் பிடுங்கிவிடுவேன். முதலில் எல்லோரும் நின்றுவிடுவார்கள், இப்போது யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, இசை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

பள்ளிக் கல்வித் துறையின் கலைத் திருவிழா 2022-ல் தொடங்கிய பிறகு கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மேடை கிடைத்திருக்கிறது, உண்மையிலேயே பெரிய விஷயம். அதில் இவர்களுக்காகத் தனிப் பிரிவு வேண்டும் என்று இப்போது நான் கேட்கவில்லை. மின்னணுக் கருவியோடு வருகிற குழு எந்தப் பிரிவில் நிற்கலாம், முன்பே பதிவு செய்து வைத்த டிராக்கை ஓட்டக்கூடாது, ஒலி அமைக்க இத்தனை நிமிடம் உண்டு என்று விதியில் தெளிவாக எழுதிவிடுங்கள். நடுவர்கள், அது என்ன ஒலி என்று கேட்பதைவிட ஒருவர் ஒலிக்கு இன்னொருவர் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்று பார்த்து மார்க் போட்டால் நல்லது. டிராக் ஓட்டுகிறார்களா என்று சந்தேகம் வந்தால் நடுவில் ஒருவரைக் கையை எடுக்கச் சொல்லுங்கள், அந்த ஒலி நிற்க வேண்டும்.

இசை ஆசிரியர்களிடம் தனியாக ஒன்று. உங்களுக்குக் கணினி தெரியாது என்று தயங்க வேண்டாம். அதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். சுருதி விலகுவதைச் சொல்ல, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள் என்று சொல்ல, எடுப்பு எங்கே தொடுப்பு எங்கே என்று கேட்க ஒரு பயின்ற காது வேண்டும், அது உங்களிடம்தான் இருக்கிறது. ஒத்திகையைப் போனில் பதிவு செய்து எல்லோருமாக உட்கார்ந்து கேட்கிற அந்தக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டுமாவது வாருங்கள். நான் மைக் செட்டுக்காரன், வயரைப் பற்றிச் சொல்வேன், ராகத்தைப் பற்றி என்னால் அவ்வளவு சொல்ல முடியாது.

அறை என்று நான் கேட்பது எப்படிப்பட்டது என்றும் சொல்லிவிடுகிறேன். எர்த்தோடு இரண்டு பிளக் பாயின்ட், கதவு சாத்தினால் பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவு இல்லாத மூலை, ஆறு பெஞ்சு. ஓட்டுக் கட்டடமாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் ஒழுகக் கூடாது. நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. வாசகசாலையில் மழை நாட்களில் உட்கார முடியவில்லை, அதனால்தான் உங்களிடம் வருகிறேன். கரண்ட் போனால் கவலை இல்லை, ஸ்பீக்கர்கள் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். நேரம் நாலரையிலிருந்து ஆறு மணிக்குள் முடிந்துவிட வேண்டும். அருமனை, திருவட்டாறு பக்கமிருந்து வருகிற பெண்பிள்ளைகள் பஸ் பிடித்து இருட்டும் முன் வீடு போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் அடுத்த வாரம் வீட்டில் அனுப்ப மாட்டார்கள், குழுவில் முதலில் குறைகிறவர்கள் அவர்களாகத்தான் இருக்கிறார்கள். ஓர் ஆசிரியை கூட இருந்தால் பெற்றோருக்கும் தைரியம்.

மைக் செட் தரப்பிலிருந்து வேண்டியதை நான் பார்த்துக்கொள்கிறேன், வயர், மிக்சர், பழுது பார்ப்பது, எதற்கும் வாடகை வேண்டாம். ஒரு பருவத்துக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள், பருவ முடிவில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பத்து நிமிடம் வாசிக்கட்டும். அறை தர விருப்பமுள்ள பள்ளி எந்தக் கிழமை வசதி என்று மட்டும் சொன்னால் போதும், தலைமை ஆசிரியர் சொல்கிற நாளில் பிள்ளைகளையும் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு நேரிலேயே வருகிறோம்.

இப்படிக்கு,
தக்கலைப் பக்கத்து மைக் செட்டுக்காரன்